தேதி இல்லாத வியாழன்

வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியை வைத்துக் கிரகங்களைப் படம் பிடிக்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பென்ஷன் வாங்குகிறவர்களிலேயே நாலைந்து பேரை எனக்குத் தெரியும். நல்ல காரியம். ராத்திரியில் தூக்கம் வராத வயதுக்கு இதைவிட ஏற்ற பொழுதுபோக்கு கிடையாது. ஆனால் இவர்கள் அனுப்புகிற படங்களைப் பார்த்தால் எனக்கு ஒரு ஆத்திரம் வருகிறது. அழகான வியாழன், பட்டை பட்டையாக. கீழே "நேற்று எடுத்தது, குட் மார்னிங்" என்று ஒரு வரி. எந்த நேற்று? எத்தனை மணிக்கு? அந்தப் படம் நாலு குழுக்களைச் சுற்றிக்கொண்டு ஆறு மாதம் கழித்து மறுபடி என்னிடமே வரும். அப்போதும் அது "நேற்று எடுத்தது"தான்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேதியும் நேரமும் குறிக்காத கிரகப் படம் பாதிப் படம். பாதி என்பதே தாராளம்.

குமாஸ்தா புத்தி என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். முப்பத்தாறு வருஷம் அரசாங்கக் காகிதங்களுக்கு எண்ணும் தேதியும் போட்டவன்தான். அதற்கு முன்னால் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தபோதும் இதே கதை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் முதல் வரியில் கிழமை, தேதி, மாதம், ஆண்டு எல்லாவற்றையும் முழுசாக எழுதிய பிறகுதான் பாடம். எழுதாவிட்டால் முசியே படித்தே பார்க்க மாட்டார். எங்கள் ஊர் 'எத்தா சிவில்' பதிவேட்டில் குழந்தை பிறந்த தேதியோடு பிறந்த மணியையும் எழுதிவைப்பார்கள். நம்மவர்களுக்கும் இது புதிதில்லை. ஜாதகம் கணிக்க உட்கார்ந்தால் நாழிகை, விநாடி வரை கேட்கிறோம். அதே வியாழனைப் படம் எடுக்கும்போது மட்டும் நேரம் வேண்டாமாம்!

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரில் மகளுக்கு வேலை. ஆண்டில் பாதி நாள் அவள் வீட்டில் இருக்கிறேன். கொல்லையில் கொய்யா மரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவில் எட்டு அங்குலத் தொலைநோக்கி நிற்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் மேகமும். ஜனவரியிலிருந்து மே வரை நல்ல காலம். வெளியூர்க்காரர்கள் மலை இருட்டுதான் காரணம் என்று நினைப்பார்கள். கிரகப் படத்துக்கு இருட்டு அவ்வளவு முக்கியமில்லை, வியாழனும் சனியும் நல்ல வெளிச்சமான கிரகங்கள். சென்னை மொட்டைமாடியிலிருந்தும் எடுக்கலாம். காற்று அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கிரகம் உச்சிக்கு அருகில் வந்தால் நாம் பார்க்கும் காற்றுத் திரையும் மெலிது. நம் ஊரில் எந்தக் கிரகமும் உச்சத்தில் அடிவானத்துக்கு மேல் ஐம்பது டிகிரிக்குக் குறையாமல் ஏறும். பாரிஸில் இருப்பவர்களின் கதி வேறு. 2020இல் வியாழனும் சனியும் தெற்கே தாழ்ந்திருந்தபோது அங்கே பதினெட்டு டிகிரி சுமாருக்குத்தான் வந்தன. வீட்டுக் கூரையும் மரமும் மறைக்கும். தமிழ்நாட்டில் பிறந்த நமக்கு இந்த ஒரு விஷயத்தில் பெரிய அதிர்ஷ்டம்.

படம் எடுக்கும் முறையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போட்டோ என்கிறோமே தவிர, முதலில் எடுப்பது வீடியோ. மூன்று நிமிஷத்துக்கு விநாடிக்கு ஐம்பது படம் வீதம் எடுத்தால் ஒன்பதாயிரம் படங்கள் சேரும். காற்றில் கிரகம் கொதிக்கிற தண்ணீருக்குள் கிடக்கும் காசு மாதிரி நெளியும். நடுநடுவே ஒரு கணம் சட்டென்று தெளியும். கம்ப்யூட்டர் அந்தத் தெளிந்த கணங்களைப் பொறுக்கி, பத்தில் ஒரு பங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கிறது. பிறகு நாம் விளிம்புகளைக் கூராக்குகிறோம். இதை மோசடி என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்பதாயிரத்தில் தொள்ளாயிரம் எடுத்தேன், இவ்வளவு கூராக்கினேன் என்று எழுதிவைத்தால் அதில் ஒளிவுமறைவு ஏது? எழுதாதபோதுதான் சந்தேகம். இப்போது வேறு ஏதோ 'ஏஐ' என்று வந்திருக்கிறது. மங்கலான படத்தைக் கொடுத்தால், தான் முன்பே பார்த்த வேறு வியாழன்களை நினைவில் வைத்துக்கொண்டு மேகங்களை வரைந்து கொடுக்குமாம். அது வேறு யாருடைய வியாழனோ.

நேரம் ஏன் முக்கியம் என்றால், வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நிமிஷத்துக்கு 0.6 டிகிரி. பத்து நிமிஷம் தவறினால் ஆறு டிகிரி தவறு. அதன் மேல் தெரியும் பெரிய சிவப்புப் புள்ளி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருந்ததைவிட இன்று பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. இது எப்படித் தெரிந்தது? அந்தக் காலத்தில் தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பென்சிலால் வரைந்தவர்கள் ஓரத்தில் தேதி போட்டிருந்தார்கள்.

என் ஆத்திரத்துக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என்னோடு ஒரே செக்ஷனில் உட்கார்ந்தவர் ஒருவர். நான் இந்த வேலையில் இறங்கியதே அவரால்தான். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் மனைவியின் முணுமுணுப்பையும் மீறித் தொலைநோக்கி வாங்கினார். ஏழெட்டு வருஷம் விடாமல் படம் எடுத்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மகன் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு வந்தான்.

"மாமா, அப்பா எடுத்ததெல்லாம் இதுல இருக்கு. எது எப்போ எடுத்ததுன்னு போட்டுக் குடுங்க. ஆல்பமாப் பண்ணி அம்மாகிட்ட குடுக்கணும்."

முந்நூற்று நாற்பது படங்கள். 'ஜூப் ஃபைனல்', 'ஜூப் ஃபைனல் 2', 'சனி நல்லது', 'சனி ரொம்ப நல்லது' என்று பெயர்கள். லேப்டாப் ஒருமுறை பழுதாகி, கடைக்காரர் மீட்டுக் கொடுத்தவை அவை. அதனால் முந்நூற்று நாற்பதுக்கும் மீட்ட நாளின் தேதிதான் இருந்தது. ஒரு சீட்டு, ஒரு டைரி எதுவும் இல்லை. எல்லாம் மனிதரின் நினைவில் இருந்திருக்கிறது. அவரோடு போய்விட்டது.

இரண்டு மாதம் உட்கார்ந்தேன். சனியின் படங்களில் வளையம் உதவியது. 2017இல் அது நமக்கு நன்றாக விரிந்து தெரிந்தது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஒடுங்கிவந்தது. திரையில் ஸ்கேலை வைத்து வளையத்தின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தால் இன்ன வருஷம் என்று ஒருமாதிரி சொல்லலாம். மாதம் சொல்ல முடியாது. செவ்வாய்ப் படங்கள் சிலவற்றில் எந்த அடையாளமும் இல்லாமல் ஆரஞ்சு வட்டம் மட்டும் இருந்தது. 2018இல் செவ்வாய் முழுக்கப் புழுதிப் புயல் மூடியது நினைவுக்கு வந்தது, ஆகவே அந்த ஆண்டு நடுவில் எடுத்தவை. வியாழன்தான் சிரமம், ஆனால் அதில்தான் கைமேல் பலன். படத்தில் பக்கத்து நிலாக்கள் புள்ளியாக விழுந்திருந்தால், கம்ப்யூட்டரில் வானத்தைப் பின்னோக்கி ஓட்டி எந்த ராத்திரி அவை அந்த வரிசையில் நின்றன என்று தேடலாம். இதிலும் ஒரு வம்பு. ஐயோ, யூரோப்பா, கனிமீடு மூன்றும் ஒன்று, இரண்டு, நான்கு என்ற கணக்கில் சுற்றுவதால் ஏறக்குறைய ஏழு நாளுக்கு ஒருமுறை அதே கோலம் போடுகின்றன. சிவப்புப் புள்ளியும் சேர்ந்து தெரிந்தால்தான் நாள் பிடிபடும். ஒரே ஒரு படத்தில் நிலாவின் நிழல் வியாழன்மேல் கரும்புள்ளியாக விழுந்திருந்தது. அதற்கு மட்டும் நிமிஷம் வரை கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை அவர் மனைவியிடம் போனில் சொன்னேன். அந்த அம்மா, "அன்னிக்கு வீட்டுல விசேஷம், பாதியில எழுந்து மாடிக்குப் போனவர்தான்" என்றார். நேரம் கிடைத்ததும் நாளே திரும்பி வந்துவிட்டது அவருக்கு.

அப்படி நாள் தெரிந்தவை மொத்தம் இருபத்து மூன்று. மீதி முந்நூற்றுப் பதினேழு அழகாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

அவற்றில் ஒன்று இன்னும் என்னை விடவில்லை. வியாழனின் தென்பகுதியில் ஒரு சிறிய கறுப்புத் தழும்பு. நிலாவின் நிழலாக இருக்கலாம். கேமராவில் ஒட்டிய தூசாக இருக்கலாம். வேறு எதுவாகவும் இருக்கலாம். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் அந்தோணி வெஸ்லி என்ற அமெச்சூர் தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழனின் தென்துருவத்துக்கு அருகே இப்படி ஒரு கறுப்புத் தழும்பைத்தான் கண்டார். ஏதோ ஒரு பொருள் வந்து மோதிய வடு அது. பெரிய வானாய்வகங்கள் அவர் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தன. புதிய வடு என்று அவரால் அடித்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், இரண்டு நாள் முன்பு அதே இடத்தைப் படம் எடுத்து வைத்திருந்தார், அதில் தழும்பு இல்லை. என் நண்பரின் தழும்பைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வது? முதலில் எந்த நாள் என்றுதானே கேட்பார்கள்.

இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதில்லை. இங்கிருந்து ஆலங்காயம் போகும் மலைச்சாலையில்தான் காவலூர். அங்கே 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு ஆரம்பித்தார் வைணு பாப்பு. 1972இல் ஜெர்மனியின் ஜெனாவிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அவர் 1982இல் மறைந்த பிறகு, 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கு ராஜீவ் காந்தி வந்து அவர் பெயரைச் சூட்டினார். பெரிய தொலைநோக்கியைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த ஒரு மீட்டர்மேல்தான் மரியாதை.

1977 மார்ச் மாதம். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று முன்பே கணக்குப் போட்டிருந்தார்கள். உலக நேரப்படி 10ஆம் தேதி, நம் கடிகாரத்தில் 11ஆம் தேதி விடிவதற்கு முன். காவலூரில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளியை அளந்து பதிந்துகொண்டிருந்தார்கள். யுரேனஸ் வருவதற்கு முன்பே ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. புதிதாக ஒரு துணைக்கோளாக இருக்கும் என்று எண்ணி அப்படியே கட்டுரையும் எழுதினார்கள். அதே வேளையில் இந்துமகா சமுத்திரத்துக்கு மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலும் ஒளி மங்கியது. கிரகத்துக்கு முன்னும் பின்னும், பல தடவை. பல இடங்களில் பதிவான நேரங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோதுதான் யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது உறுதியானது. வளையத்தை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. பதிவான நேரத்தில் இருந்தது. காவலூர்க்காரர்களின் அனுமானம் மாறியது. அவர்கள் குறித்த விநாடி மாறவில்லை, வளையத்துக்குச் சாட்சியாக நின்றது.

1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் குழு அங்கேயே ஒரு சிறுகோளைக் கண்டு ராமானுஜன் என்று பெயரிட்டதும் இந்த வழியில்தான். நேரம் போட்ட படங்களை அடுத்தடுத்து வைத்து எந்தப் புள்ளி நகர்ந்தது என்று பார்ப்பது. நம் பழைய ஆபீஸில் 'ரீகன்சிலியேஷன்' என்போமே, அதேதான்.

நேரம் இல்லாததால் வீணான கதை ஒன்றும் சொல்ல வேண்டும். அது என் ஊர்க் கதை. லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனைச் சுக்கிரன் கடப்பதை 1761 ஜூன் 6 அன்று புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக முந்திய ஆண்டே கப்பலேறினார். கரையை நெருங்கும்போது, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது என்று செய்தி. கப்பல் திரும்பிவிட்டது. குறித்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லும்போது பாவம், அவருக்குப் பார்க்கவே கிடைக்கவில்லை என்பது போலத்தான் சொல்வார்கள். உண்மையில் அன்று வானம் தெளிவாக இருந்தது, சுக்கிரன் சூரியன்மேல் நகர்வதை அவர் நன்றாகவே பார்த்தார். ஆனால் ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. கப்பல் நிற்கும் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. நேரமும் இடமும் இல்லாத அந்தக் காட்சியை வைத்து ஒரு கணக்கும் போட முடியவில்லை. எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டையில் ஆய்வகம் கட்டி, கடிகாரத்தைச் சரிபார்த்து, இடத்தையும் கணக்கிட்டு வைத்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிவிட்டது. ஊர் திரும்பினால், இறந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டு வாரிசுகள் சொத்துக்கு அடிபோட்டிருந்தார்கள். பதிவேட்டில் ஆள் காணாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

இரண்டாவது தடவை மேகம் வந்ததற்கு எல்லோரும் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு முதல் தடவைதான் நெஞ்சை அறுக்கிறது. கண்ணெதிரே நடந்தும் கைக்கு ஒன்றும் வரவில்லையே.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னால், "தாத்தா, ஃபைலுக்குள்ளயே டேட், டைம் எல்லாம் இருக்கும்" என்கிறான். இருக்கும்தான். வாட்ஸ்அப்பில் ஒருமுறை அனுப்பினால் அது உதிர்ந்துவிடும். லேப்டாப் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடினால் உள்ளே இருப்பதும் தப்பு. என் நண்பரின் டிஸ்க் மாதிரி ஆனாலோ கேட்கவே வேண்டாம். இன்னொருவர், "அழகுக்காக எடுக்கிறோம், ஆபீஸா நடத்துகிறோம்?" என்று கேட்டார். அழகு மட்டும் வேண்டுமானால் விண்கலங்கள் எடுத்தனுப்பிய படங்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன, நம் எட்டு அங்குலம் அதன் கால்தூசு பெறாது. பனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு எதற்கு நிற்கிறோம்? அந்த ராத்திரி, அந்த இடத்திலிருந்து, நாம் பார்த்தது என்பதற்காகத்தானே.

நான் வைத்திருப்பது நீள அட்டை போட்ட கணக்கு நோட்டு. கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருக்கிறேன். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம் இந்திய நேரத்தில். பக்கத்திலேயே ஐந்தரை மணி கழித்து உலக நேரம். நள்ளிரவு தாண்டினால் தேதி ஒருநாள் மாறும் என்பதால் இரண்டையும் எழுதிவிடுவது உத்தமம். கிரகம், லென்ஸ், எடுத்த படங்கள், வைத்துக்கொண்டவை, காற்றுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். கடைசியில் 'குறிப்பு' என்று அகலமான ஒரு பத்தி. மேகமாக இருந்த ராத்திரிக்கும் ஒரு வரி உண்டு. படத்தின் பெயரிலேயே தேதியையும் நேரத்தையும் எண்ணாக எழுதிவிடுகிறேன். நோட்டில் இருக்கும் வரிசை எண்ணும் அதில் சேரும். மூன்று நிமிஷ வீடியோவுக்கு எழுத ஒரு நிமிஷம் ஆகிறது.

2026 ஜனவரி 10ஆம் தேதி வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே, மிதுனத்தில், நள்ளிரவில் நம் உச்சிக்கு மிக அருகில் வந்தது. அப்படி நிற்கும் வாரங்களில் நல்ல படம் கிடைக்கும், தொலைநோக்கி இருப்பவர்கள் விடாதீர்கள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு மட்டும் தெரியும் அளவுக்கு ஒடுங்கி, இனிமேல் மறுபக்கம் காட்டி விரியப் போகிறது. 2032 வாக்கில் முழுசாக விரிந்திருக்கும். 2018இலிருந்து அது ஒடுங்கிவந்ததை நான் ஆண்டு தவறாமல் எடுத்து வைத்திருக்கிறேன். விரியும் பாதியைப் பேரன் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். நோட்டை அவனிடம் கொடுத்தேன். முதல் இரண்டு வருஷம் குறிப்புகளைப் பழக்கதோஷத்தில் பிரெஞ்சிலேயே எழுதியிருக்கிறேன். "நுவாஜ்னா என்ன தாத்தா? பக்கத்துக்குப் பக்கம் நுவாஜ்னே இருக்கு" என்றான். மேகம் என்றேன். அதனால் அந்தப் பக்கங்களைத் தமிழில் பெயர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்று மத்தியானத்தோடு 2019 மே முடிந்தது.